எத்திராஜைக் கொளுத்திய எபிசோட்

முகத்துவாரக்குப்பம்,
எண்ணூர்.
9-1-2025, வியாழக்கிழமை

அனுப்புநர்: எ. மங்கம்மா, கணவர் பெயர் எத்திராஜ்
பெறுநர்: ஜெயஸ்ரீ, டிவி சிரிப்பு நடிகை, வளசரவாக்கம்
பொருள்: என் வீட்டுக்காரரை நீ கொளுத்தியது பற்றி

என் வீட்டுக்காரர் எத்திராஜை, என்னைக் கேட்காமல், போன ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, ஊர் உலகம் பார்க்க நீ கொளுத்திவிட்டாய். நீ கொள்ளி வைத்தபோது பின்னால் ஜனங்கள் சிரித்தார்கள். குறை இதுதான்.

நலம், நலமறிய ஆவல் என்று நான் தொடங்கவில்லை. பதினோரு வருஷம் மனு எழுதியவள் நான். குறையை முதல் வரியில் வைக்காவிட்டால் வாங்குகிறவன் இரண்டாம் வரிக்கு வரமாட்டான். தவிர, உன் நலத்தை அறிய எனக்கு ஆவல் இல்லை. போனிலும் பேசமாட்டேன். உன் குரலைக் கேட்டால் குமட்டுகிறது. கூடப்பிறந்த தங்கச்சி என்பதால் இந்த அளவுக்காவது எழுதுகிறேன்.

நீ நடிக்கும் 'குளுகுளு அபார்ட்மெண்ட்' நாடகத்தை நான் பார்ப்பதில்லை. அதில் உனக்குக் கவுச்சி கனகா என்று பெயர். வேலைக்காரி. நீ காலிங் பெல் அடித்தால் அந்த வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், தவளை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும், ஜனங்கள் சிரிப்பார்கள். நம் அம்மா பெற்ற கறுப்பு போதவில்லை என்று உன் முகத்தில் மேலே கறுப்பு பூசுகிறார்கள். நாம் பேசுகிற பேச்சை வாயோரம் வெற்றிலைச் சாறு ஒழுகப் பேசிக் காட்டுகிறாய். நான்கு வருஷத்துக்கு முன் இந்த வேஷத்தை நீ ஒப்புக்கொண்ட அன்றே உன்னோடு பேச்சை முறித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, காயப்போட்ட நெத்திலிமேல் துறைமுகத்துக் கரித்தூள் விழாமல் மூடிக்கொண்டிருந்தேன். கிராமத் தலைவர் தனகோட்டி நாலு பேரோடு வந்தார். போனை என் கையில் கொடுத்து, "பாரு" என்றார்.

பார்த்தேன். கனகாவின் புருஷன் மன்னாரு கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பிணம் கிடைக்கவில்லை. கனகா வைக்கோலில் மனிதன் செய்து, சட்டை போட்டு, கடலைப் பார்த்து மூன்று முறை கூப்பிட்டு, கொள்ளி வைக்கிறாள். மன்னாரு சாகவில்லையாம், படகுக்குப் பின்னால் பிரியாணி தின்றபடி தன் கருமாதியைத் தானே பார்க்கிறானாம். சிரிப்பு. கொள்ளி வைக்கும் முன் ஒரு நாய் வந்து வைக்கோல் மனிதனின் சட்டையைப் பிடித்து இழுத்து, அதன்மேல் காலைத் தூக்குகிறது. பெரிய சிரிப்பு.

அந்த வைக்கோலுக்குப் போட்டிருந்தது என் வீட்டுக்காரரின் சிவப்புச் சட்டை. நீ கூப்பிட்டதும் மன்னாருவை அல்ல. "எத்திராஜு மாமா, வா மாமா" என்று கூப்பிட்டாய்.

கடலில் போய்க் கிடைக்காதவருக்கு நம் குப்பத்தில் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். அவர் உடுத்திய துணி. வீட்டு மனிதர் வாயால் மூன்று கூப்பாடு. வீட்டு மனிதர் கையால் நெருப்பு. அது முடிந்தால் அவர் செத்தவர், அவர் பெண்டாட்டி தாலி அறுத்தவள். செய், செய் என்று எத்தனை வருஷமாகக் கேட்கிறார்கள். நான் செய்யவில்லை. 2013 நவம்பரில் அவருடைய ஃபைபர் படகு பழவேற்காட்டுப் பக்கம் ஒதுங்கியது. வலை இருந்தது, டிபன் தூக்கு இருந்தது, அவர் இல்லை. அப்படியானால் காணவில்லை என்று அர்த்தம். செத்தார் என்று அர்த்தம் இல்லை. ஏழு வருஷம் ஆனதும் இறப்புச் சான்றிதழ் வாங்கிக்கொள் என்றார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

"இன்னா மங்கம்மா, சட்டை அவன்து. கூப்ட்டது உன் கூடப்பொறந்தது. கொள்ளியும் அதான் வெச்சுக்கீது. இன்னும் இன்னா பாக்கி?" என்றார் தனகோட்டி.

"யோவ், அது ஷூட்டிங்யா."

"நெருப்புக்கு ஷூட்டிங்னு தெரியுமா?"

"கோவளத்தாண்ட எடுத்தது."

"கடலு ஒண்ணுதானே. அதுக்கு இன்னா அந்தாண்ட, இந்தாண்ட."

மூன்றாம் நாள் பால் ஊற்றச் சொம்போடு பெண்கள் வந்தார்கள். மீன் அரியும் கத்தியோடு வாசலில் உட்கார்ந்தேன். போய்விட்டார்கள். ஆனால் பொங்கலன்று தனகோட்டி மகனின் புதுப் படகுக்கு ஆரத்தி சுற்ற என்னைச் சொல்லியிருந்தார்கள். இப்போது வேறு ஆளைச் சொல்லிவிட்டார்கள். காலையில் நான் கூடையோடு நடந்தால், கடலுக்குப் புறப்படுகிற ஆம்பிளைகள் நான் கடந்துபோகும்வரை முதுகைக் காட்டி நிற்கிறார்கள். சனிக்கிழமை வரை நான் எத்திராஜ் பெண்டாட்டி. இப்போது நான் யார்?

அந்தச் சட்டை உன்னிடம் எப்படி வந்தது? பதிலைத் தபாலில் எழுது.

இப்படிக்கு,
எ. மங்கம்மா


வளசரவாக்கம்
16-1-2025

அக்காவுக்கு,

நான்கு வருஷம் கழித்து உன் கையெழுத்து. உறையைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். 'பொருள்' என்ற வரி வந்ததும் போய்விட்டது.

அது காஸ்ட்யூம், அக்கா. பெர்சிஸ் என்று ஒரு பெண் எங்களுக்குத் துணிமணி பார்க்கிறாள். தண்டையார்பேட்டையில் ஏதோ பழைய துணிக் கடையில் வாங்கி வந்தாள். சிவப்புச் சட்டை உலகத்தில் மாமாவிடம் மட்டும்தான் இருந்ததா? பெயர் வாய் தவறி வந்துவிட்டது. நேச்சுரலாக இருக்கிறது என்று டைரக்டர் விட்டுவிட்டார். கதையை நான் எழுதுவதில்லை. கொடுத்த வசனத்தைப் பேசுகிறேன், அறை வாங்குகிறேன், வழுக்கி விழுகிறேன், வீட்டுக்கு வருகிறேன். கூப்பிட்டது கனகா. நான் இல்லை.

தனகோட்டி அண்ணனுக்கு போன் செய்து இதையேதான் சொன்னேன். "இன்னா ஜெயா, சூப்பரா அழுதுக்கீறியே, நெஜமாட்டமே கீது" என்கிறார். அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது?

டிவியில் வந்ததைப் பார்த்துவிட்டு உன் தாலியைக் கேட்கிறார்கள் என்றால் குற்றம் யார்மேல்? அவர்கள்மேல் மனு எழுது. என்மேல் எழுதாதே.

பொங்கலுக்கு உனக்கு ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா?

ஜெயா


முகத்துவாரக்குப்பம்
22-1-2025

பொருள்: நீ எழுதிய பொய் பற்றி

உன் கடிதத்தைப் பிரித்தது, அழுகின மத்தி மூட்டையைப் பிரித்தது போல் இருந்தது. அதைக்கூடக் கொட்டிவிட்டுக் கை கழுவலாம்.

நாய் இழுத்தபோது சட்டை புரண்டு உள்பக்கம் தெரிந்தது. இடது நெஞ்சுக்கு உள்ளே ஒரு பை. பீடியும் போனும் நனையாமல் இருக்க, பழைய மழைக்கோட்டை வெட்டி, வலை நூலால் நான் தைத்த பை. எந்தக் கடையில் வலை நூல் தையல் போட்ட சட்டை விற்கிறார்கள்? அந்தக் கடையை எனக்குக் காட்டு.

நான்கு வருஷத்துக்கு முன் என் வீட்டு ஆணியில் இருந்த சட்டை காணாமல் போனது. நீ கடைசியாக வந்து சண்டை போட்டுப் போனாயே, அதே வாரம். உன்னை நான் சந்தேகப்படவில்லை. நம் வீட்டில் திருடி கிடையாது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு தேசம்மாவைச் சந்தேகப்பட்டேன். குழாயடியில் பத்துப் பேர் நடுவில், "என் வூட்டுக்காரன் சட்டைய எட்துகினு போய் உன் புருசனுக்கு மாட்டிவுட்டியாடி?" என்று கேட்டேன். அவள் குடத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். அன்று முதல் அவள் முகத்தை நான் பார்ப்பதில்லை, என் முகத்தை அவள் பார்ப்பதில்லை. நடுவில் ஒரு சுவர்தான். அவள் இருமுவது எனக்குக் கேட்கும்.

கூப்பிட்டது கனகா, நான் இல்லை என்று எழுதுகிறாய். எழுதிய கை கூசவில்லையா? அறை வாங்குகிறவள் கனகா, நாறுகிறவள் கனகா, திருடியதும் கனகாவா? சாப்பாட்டு இலைமுன் உட்காருகிறவள் மட்டும் ஜெயஸ்ரீயா?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் முதல் மனுவைக் காசு வாங்கிக்கொண்டு ஒருவர் எழுதிக் கொடுத்தார். 'காணாமல் போன' என்று நான் சொன்ன இடத்தில் 'இறந்துபோன' என்று எழுதிவிட்டார். எழுத்துக் கூட்டிப் படித்து நான் கண்டுபிடிப்பதற்குள் அது மூன்று மேசை தாண்டிவிட்டது. அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. மீன் மடிக்கும் பேப்பரை வைத்துக்கொண்டு எழுதப் பழகினேன். அன்றிலிருந்து என் சொல்லுக்கு நான்தான் பொறுப்பு, வேறு யாரோ எழுதினார்கள் என்று சொல்வதில்லை. நீயும் சொல்லாதே.

புடவை அனுப்பாதே. தங்கச்சி என்ன நிறத்தில் அனுப்பியிருக்கிறாள் என்று ஊர் பார்க்கும்.

உண்மையை எழுது.

எ. மங்கம்மா


வளசரவாக்கம்
3-2-2025

அக்கா,

தை அமாவாசையன்று வந்தேன். கதவைச் சாத்தினாய். "மனுவா குடு, வாய்ல பேசாத" என்று உள்ளேயிருந்தே சொன்னாய். தேசம்மா அத்தைதான் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். சட்டையை எடுத்தது நான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். சொம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பிறகு, "அவளாண்ட சொல்லு, என்னாண்ட எதுக்கு?" என்றார். சொல்கிறேன்.

நான்தான் எடுத்தேன். சண்டையன்று, "இந்த வூட்ல உனுக்கு ஒண்ணும் இல்ல, போ" என்றாய். எதிரே ஆணியில் மாமா சட்டை தொங்கியது. எடுத்துப் பையில் திணித்துக்கொண்டேன்.

உன் கல்யாணத்தின்போது எனக்கு ஆறு வயது. அப்பா முகம் எனக்கு நினைவில்லை. மாமாவைத்தான் தெரியும். டிவி போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றபோது நீ வேண்டாம் என்றாய். ஐஸ் எடுக்கப் போகிறேன் என்று உன்னிடம் பொய் சொல்லிவிட்டு, டிவிஎஸ் ஃபிஃப்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். அங்கே அத்தனை பெண்களும் நல்ல கலர். போய்விடலாம் மாமா என்றேன். "நீ வாயத் தொற. அவ்னுங்க விழுந்து விழுந்து சிரிப்பானுங்க" என்றார். தனகோட்டி அண்ணன் ஏலம் போடுவதைச் செய்து காட்டினேன். சிரித்தார்கள். நான் செய்ததைப் பார்த்துச் சிரித்தார்கள், அக்கா. என்னைப் பார்த்து இல்லை. அப்படி ஒரு இரண்டு வருஷம் ஓடியது. அப்புறம் எழுதுகிறவர்களுக்குச் சோம்பல் வந்துவிட்டது. ஜெயா உள்ளே வந்தால் மூக்கைப் பொத்து. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

உனக்கு அருவருப்பாக இருக்கிறது என்கிறாய். நான் அதற்குள்ளேயே இருக்கிறேன். போன மாதம் ஒரு காட்சிக்கு நிஜமாகவே அழுகின மீனைத் தலையில் கொட்டினார்கள். ரியாக்‌ஷன் வேண்டுமாம். ஏழு முறை கொட்டினார்கள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது இரண்டு பக்கமும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். அப்போது கேமரா ஓடவில்லை.

கருமாதிக் காட்சிக்குப் பெர்சிஸ் ஒரு சட்டை கொண்டுவந்தாள். மடிப்புக் கலையாதது. பழசாக வேண்டும் என்றார் டைரக்டர். மாமா சட்டை என் பையில் இருந்தது, எப்போதும் இருக்கும். "வேணாம்க்கா, கொளுத்திருவாங்க" என்றாள் பெர்சிஸ். கொடுத்தேன். வாய் தவறவில்லை. தெரிந்துதான் கொடுத்தேன், தெரிந்துதான் கூப்பிட்டேன்.

பதினோரு வருஷமாக அவர் அந்தத் தண்ணீரிலேயே நிற்கிறார். நீ கூப்பிடமாட்டாய். இன்னொருவரையும் கூப்பிட விடமாட்டாய். அவருக்காக நம் வீட்டில் யாரும் அழுததில்லை. அழுதால் அவர் செத்தவராகிவிடுவார் என்று அதட்டினாய். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுவேன். கோவளத்தில் யாருக்குத் தெரியப்போகிறது, நடிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள், என் மாமாவுக்கு ஒருத்தியாவது செய்துவிடலாம் என்று இருந்தேன்.

நாயைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை. சிரிப்பு அப்புறம் சேர்த்தது. அந்தக் கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெர்சிஸ் ஓரமாக நின்று தன் போனில் எடுத்தது அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை திருவொற்றியூரில் அவள் அம்மா வீட்டுக்கு வருகிறாள். உன்னிடமும் வரச் சொல்லியிருக்கிறேன். அவளுக்காவது கதவைத் திற.

ஜெயா


முகத்துவாரக்குப்பம்
17-2-2025, திங்கட்கிழமை

பொருள்: முடிவு

பெர்சிஸ் வந்தாள். கதவைத் திறந்தேன். அவள் எடுத்ததை முழுக்கப் பார்த்தேன், பிறகு இன்னொரு முறை பார்த்தேன்.

மூன்று முறை கூப்பிடுகிறாய். "ஜெயா சூப்பர், ஒன் மோர்" என்று ஒருவன் கத்துகிறான். மறுபடி மூன்று. வெளிச்சம் சரியில்லை என்கிறான் இன்னொருவன். மறுபடியும் மூன்று. அதற்குப் பிறகுதான் நெருப்பு. எல்லாம் முடிந்து அவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நீ ஈர மணலில் உட்கார்ந்திருக்கிறாய். யாரும் உன்னிடம் வரவில்லை, இந்தப் பெண்ணைத் தவிர.

அவளையும் போனையும் நேரே ஊர்க் கூட்டத்துக்கு அழைத்துப்போனேன்.

"எத்தினி தபா கூப்புடணும்?" என்று தனகோட்டியைக் கேட்டேன்.

"மூணு. இது தெரியாதா உனுக்கு?"

"நாலாவது தபா கூப்ட்டா?"

தலையைச் சொறிந்தார். "நாலாவது கூப்ட்டா அது உசுரோட கீறவன கூப்புடறது. செத்தவன மூணுக்கு மேல கூப்புடக் கூடாது."

"எண்ணுய்யா."

எண்ணினார். ஒன்பது வந்தது. "ஷூட்டிங்காரனுங்க பேஜாரு புட்ச்சவனுங்கபா" என்றார் ஒருவர். கருமாதி செல்லாது என்றார்கள். வாயால் சொன்னால் போதாது என்று எழுதி வாங்கினேன், எல்லோர் கையெழுத்தோடும். மறுநாள் காலை நான் கூடையோடு போனபோது யாரும் முதுகைக் காட்டவில்லை. நான் எத்திராஜ் பெண்டாட்டிதான். ஜெயித்துவிட்டேன்.

அந்தக் காகிதத்தை மனுக்கட்டில் வைக்கப் போனேன். நாற்பத்தொரு மனு இருக்கிறது. அவரைத் தேடுங்கள், அவரைத் தேடுங்கள் என்று எல்லா ஆபீசுக்கும் எழுதியிருக்கிறேன். அவரை வா என்று நான் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. நீ ஒன்பது முறை கூப்பிட்டாய், கூலிக்கு நின்ற இடத்தில். உன்மேல் இருந்த அருவருப்பு குறையவில்லை. என்மேலும் வந்தது, அவ்வளவுதான்.

நீ கொளுத்தியதால் அவர் செத்தவராகவில்லை. ஏழு வருஷச் சட்டத்தாலும் ஆகவில்லை. தனகோட்டி சொல்லியும் ஆகவில்லை. வருகிற 27ஆம் தேதி வியாழக்கிழமை, அமாவாசை, நான் சொல்வதால் ஆவார். அதற்கு அவரவர் செய்ய வேண்டியது:

தனகோட்டி: காலை ஆறு மணிக்கு முகத்துவாரக் கரையில் வேறு ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யார் போனை நீட்டினாலும் பிடுங்கி வைக்க வேண்டும். என் தாலியில் எந்தப் பெண்ணும் கை வைக்கக் கூடாது, நானே கழற்றுவேன். மகனின் அடுத்த படகுக்கு ஆரத்தி சுற்றுவது யார் என்பதை அன்றைக்குப் பிறகு என்னிடம் வந்து பேச வேண்டும், முதுகுக்குப் பின்னால் அல்ல.

தேசம்மா: வைக்கோல் கட்ட வேண்டும். அவள் வாசலில் போய் நின்றேன். குழாயடியில் பத்துப் பேர் முன்னால் கேட்டதை அதே குழாயடியில், பத்துப் பேர் முன்னால் திருப்பி வாங்கிக்கொண்டேன். "சட்டை இல்லாம இன்னாத்த மாட்றது?" என்றாள். அவர் லுங்கி ஒன்று இருக்கிறது.

பெர்சிஸ்: போனில் இருப்பதை அழித்துவிட வேண்டும். உன் ஆட்கள் கையில் அது கிடைத்தால் அதற்கும் சிரிப்புச் சேர்ப்பார்கள்.

உன் டைரக்டர்: அந்த எபிசோடை எல்லா இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும். தனியாக மனு அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் வாரம் ஒன்று அனுப்புவேன்.

நீ: 26ஆம் தேதி சாயங்காலமே வந்துவிட வேண்டும். பஸ்ஸில் வா, காரில் வந்தால் ஊர் கூடும். முகத்தில் ஒன்றும் பூசாதே. கவுச்சி கனகா வேஷத்துக்கு இனிமேல் கையெழுத்துப் போடக் கூடாது. வாயைத் திறந்து சிரிக்க வைக்கத் தெரிந்தவள் நீ, அதைச் செய். மூக்கைப் பொத்துகிற வீட்டுக்கு வேலைக்குப் போகாதே. மன்னிப்புக் கேட்காதே, என்னிடம் அது இல்லை.

கூப்பிட வேண்டியவள் நான். மூன்று முறை. நீ என் பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். நாலாவது முறை கூப்பிட என் வாய் திறந்தால், பொத்த வேண்டியவள் நீ.

எ. மங்கம்மா